தீவின் பசுமையை அளக்கும் முறை

போர்ட் பிளேர் துறைமுகத்தின் மறுகரையில், சாத்தம் ஜெட்டியிலிருந்து புறப்படும் ஃபெர்ரி சென்று சேரும் இடத்தில், பின்னே மௌண்ட் ஹாரியட் மலையின் அடர்ந்த கானகமும் முன்னே துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்புமாக அமைந்திருக்கும் பாம்பூஃப்ளாட் என்னும் சிற்றூருக்குத் தென் அந்தமானின் மின்சார சரித்திரத்தில் ஒரு விசேஷமான ஸ்தானம் உண்டு. 20 மெகாவாட் திறனுள்ள டீசல் மின்நிலையம் ஒன்று 2003ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பட்டது. மொத்தப் பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேலாகக் காடு போர்த்திய ஒரு தீவுக்கூட்டம், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்து மண்ணில் விழுந்த வித்தெல்லாம் முளைத்தெழும் ஒரு பிரதேசம், தன் வீடுகளில் விளக்கேற்றவும் மருத்துவமனைகளில் இயந்திரங்களை ஓட்டவும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்து கப்பலில் வரும் எண்ணெயையே பெரும்பாலும் நம்பியிருக்கிறது என்பது, சிந்திப்பவர் எவரையும் ஒரு கணம் நிறுத்திவைக்கும் விஷயமாகும்.

ஆகவே, இத்தனை பசுமையைக் கண்முன் வைத்துக்கொண்டு எண்ணெய்க் கப்பலுக்காக ஏன் காத்திருக்க வேண்டும், தென்னையும் பாக்கும் மரக்கழிவும் வைக்கோலும் இங்கேயே இருக்க அவற்றிலிருந்தே மின்சாரம் செய்துகொண்டால் என்ன என்னும் யோசனை எழுவது இயல்பு. அந்த யோசனை மரியாதைக்குரியது. எண்ணெயை எரிப்பதால் வாயுமண்டலத்துக்கு நேரும் கேட்டை எண்ணினாலும், யூனிட் ஒன்றுக்கு அரசாங்கம் சுமக்கும் மானியத்தை எண்ணினாலும், கடல் கொந்தளிக்கும் காலத்தில் கப்பல் தாமதிக்கும் அபாயத்தை எண்ணினாலும் டீசலுக்கு ஒரு மாற்று வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாற்று இதுதான் என்று தீர்மானிப்பதற்கு முன் விடை காணவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எரிபொருளாகக்கூடிய தாவரப் பொருள் உண்மையிலேயே எவ்வளவு கிடைக்கும், யாரிடமிருந்து கிடைக்கும், எந்த மாதத்தில் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்குச் செய்யப்படும் மதிப்பீடு வெறும் எண்கணிதம் அன்று. அது நாளடைவில் நிலத்தின்மீதும் மரத்தின்மீதும் ஏழைகளின் விறகுக்கட்டின்மீதும் ஓர் உரிமைக் கோரிக்கையாக மாறிவிடுகிறது. எனவேதான் அதைச் செய்யும் முறையைப் பற்றி விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

தீவுகளில் எவர் மனத்திலும் முதலில் தோன்றும் பயிர் தென்னை. தென்னை இங்கே ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் பயிராகிறது. ஹெக்டேர் ஒன்றுக்கு ஆண்டில் 5,000 காய் என்று பிரமாணம் வைத்துக்கொண்டால் மொத்தம் பத்துக் கோடி காய்கள் ஆகின்றன. பத்துக் கோடி என்ற எண்ணைக் கேட்டவுடன் உள்ளம் உவகை கொள்ளும். அந்த உவகையைக் கணக்கின் முன் நிறுத்திப் பார்ப்போம். டீசல் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறையக் கால் லிட்டர் எண்ணெய் குடிக்கும். பாம்பூஃப்ளாட்டில் அமைத்தது போன்ற 20 மெகாவாட் நிலையம் இரவும் பகலும் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 4,80,000 யூனிட். அதற்கு 1,20,000 லிட்டர் டீசல். தேங்காய் எண்ணெயின் உஷ்ணசக்தி லிட்டருக்கு லிட்டர் டீசலைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாதலால், அதே வேலைக்கு 1,30,000 லிட்டர் தேங்காய் எண்ணெய் வேண்டும். கொப்பரையாக்கிப் பிழிந்தால் பத்துக் காய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய் தேறும். அப்படியானால் ஒரு நாளைக்குப் பதின்மூன்று லட்சம் காய்கள் வேண்டியிருக்கும். தீவுகள் அனைத்தின் ஒரு வருஷத்து விளைச்சலையும், ஒரு காய்கூடக் குழம்புக்கும் கோயிலுக்கும் விடாமல், இந்த ஒரு நிலையத்துக்குக் கொட்டினாலும் அது மூன்று மாதங்கள்கூடத் தாங்காது. வருஷம் முழுவதும் தாங்கவேண்டுமானால் 95,000 ஹெக்டேர் தென்னந்தோப்பு வேண்டும். தீவுகளில் விவசாயத்துக்கு உள்ள நிலம் முழுவதையும் சேர்த்தாலே ஏறக்குறைய 50,000 ஹெக்டேர்தான்.

எண்ணெய் வேண்டாம், கழிவை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று சொல்வோரும் உண்டு. அவர்களுடைய கட்சி இதைவிட வலுவானது. ஒரு காயின் மட்டையும் கொட்டாங்கச்சியும் உலர்ந்த நிலையில் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், பத்துக் கோடி காய்களிலிருந்து 50,000 டன் கிடைக்கிறது. அதை வாயுவாக்கி இயந்திரத்தில் எரித்தால், ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ வீதம், ஆண்டுக்கு நான்கு கோடி யூனிட் ஆகும். நாம் பேசிய நிலையத்தின் முழுத் திறனில் இது கால் பங்குக்குச் சற்றே குறைவு. அலட்சியம் செய்யத்தக்க அளவு அன்று இது. காகிதத்தில் இந்த இடத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது; திட்ட அறிக்கைகள் பலவும் இந்த இடத்திலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. உண்மையில் கணக்குத் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

தென்னையின் கணிசமான பகுதி நிக்கோபார்த் தீவுகளில் இருக்கிறது. அங்கே தென்னை வியாபாரப் பயிர் மாத்திரம் அன்று. நிக்கோபாரி மக்களின் கூட்டுக் குடும்ப வாழ்வுக்கு ஆதாரமான பொருள் அது. அவர்கள் தம் பன்றிகளுக்கும் தேங்காயைத்தான் தீனியாக இடுகிறார்கள். பழங்குடி மக்களைப் பாதுகாக்கும் 1956ஆம் வருஷத்து ஒழுங்குவிதி அந்த நிலத்தின்மேல் வெளியார் கைவைக்காதபடி வேலியிட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அங்கே தோப்புத் தோப்பாகத் தென்னையை அழித்துச் சென்றதையும் மறக்கலாகாது. அந்தக் காய்களின் மட்டையைப் பாம்பூஃப்ளாட்டின் கணக்கில் சேர்ப்பது நியாயமும் அன்று, சாத்தியமும் அன்று. எஞ்சிய அந்தமான் பகுதியிலும் மட்டை சும்மா கிடப்பதில்லை. கொப்பரை காயவைக்க அதையே எரிக்கிறார்கள்; வெயிலை நம்பிக் காயவைக்க முடியாத மழைநாட்டில் வேறு வழியும் இல்லை. தென்னையடியில் மட்டையைப் புதைத்து ஈரம் காப்பதும், அதிலுள்ள சாம்பல்சத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதும் நல்ல விவசாயியின் வழக்கம். அந்தச் சாம்பல்சத்தே கொதிகலனில் போய்ப் படிந்து இயந்திரக்காரருக்குத் தொல்லை கொடுக்கிறது. மண்ணுக்கு உரமாகும் பொருள் உலைக்குப் பகையாகிறது.

எங்கள் தஞ்சைத் தரணியில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, பொலியைப் பார்த்து இத்தனை கலம் என்று சொல்பவரை யாரும் கணக்கர் என்று மதிப்பதில்லை. அறுத்தவருக்குக் கூலி அளந்து, ஊர்த் தொழிலாளிகளின் பங்கான சுதந்தரம் கொடுத்து, கோயிலுக்கு ஒதுக்கி, விதைக்கு எடுத்துவைத்து, வீட்டுக் குதிரை நிரப்பிய பிறகு வண்டியில் ஏற எவ்வளவு மிஞ்சும் என்று சொல்பவரே கணக்கர். தாவர எரிபொருளின் மதிப்பீட்டுக்கும் இதுவே தர்மம். நிலத்தில் மொத்தம் விளைவது ஒன்று. அதில் கையாலோ இயந்திரத்தாலோ திரட்டக்கூடியது வேறொன்று. மண்ணின் வளத்துக்கும் மாட்டின் தீவனத்துக்கும் மனிதரின் அடுப்புக்கும் விட்டது போக எடுக்கத்தக்கது மூன்றாவது. கொண்டுவந்து சேர்க்கும் செலவுக்குப் பின்னும் கட்டுப்படியாகும் அளவு நான்காவது. ஒவ்வொரு படியிலும் எண் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிப் படியில் நிற்கும் எண்ணே மெய்யானது. ஆனால் மேடைகளில் முழங்குவது முதற்படியின் எண்ணாகவே இருக்கிறது.

இது அந்தமானுக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. பாரத தேசம் முழுவதற்கும் பயிர்க் கழிவைக் கணக்கிட்டவர்கள் பலர். தேஜ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்டுதோறும் உண்டாகும் பயிர்க் கழிவு 686 மில்லியன் டன் என்றும், அதில் உபரி 234 மில்லியன் டன் என்றும் கண்டார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தொழில்நுட்பத் தகவல் முன்கணிப்பு மன்றமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மொத்தம் ஏறத்தாழ 683 மில்லியன் டன். உபரியோ 178 மில்லியன் டன்தான். மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இப்போது எடுத்தாளும் கணக்கு, மொத்தம் 750 மில்லியன் டன், உபரி ஏறத்தாழ 230 மில்லியன் டன், அதற்கு நிகரான மின்திறன் 28,000 மெகாவாட் என்று கூறுகிறது. முதலிரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மொத்த விளைச்சலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன. உபரியில் மட்டும் ஐம்பது மில்லியன் டன்னுக்கு மேல் வேறுபடுகின்றன. கற்றறிந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மொத்தத்தைத் தானியப் புள்ளிவிவரத்திலிருந்து பெருக்கிச் சொல்லிவிடலாம். நெல் ஒரு பங்கு என்றால் வைக்கோல் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு என்பது போன்ற விகிதங்கள் அதற்கு உதவுகின்றன. எவ்வளவு மாடு தின்கிறது, எவ்வளவு கூரையில் ஏறுகிறது, எவ்வளவு வயலிலேயே மட்குகிறது என்பதை ஊர் ஊராகச் சென்று கேட்டால் ஒழிய அறிய முடியாது. அங்கேதான் அனுமானம் புகுந்துவிடுகிறது.

அமெரிக்காவின் அனுபவமும் இதையே சொல்லும். அந்நாட்டு எரிசக்தித் துறையும் விவசாயத் துறையும் 2005இல் கூட்டாக வெளியிட்ட பெரிய ஆய்வு, உணவுக்கும் தீவனத்துக்கும் குறைவு வராமல் ஆண்டுக்கு 130 கோடி டன் உலர் தாவரப் பொருள் திரட்ட முடியும் என்று அறிவித்து உலகை வியப்பில் ஆழ்த்தியது. என்ன விலைக்கு என்ற கேள்வி அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. 2011இல் அதையே திருத்தி எழுதியபோதுதான் வயல் வாசலில் டன்னுக்கு இவ்வளவு டாலர் கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று விலையோடு சேர்த்துச் சொன்னார்கள். 2016இலும் 2024இலும் மறுபடியும் கணக்கைப் புதுப்பித்தார்கள். கணக்கை ஒருமுறை எழுதிப் பூட்டிவைக்காமல் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததில் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது.

மதிப்பீடு பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டில் நேர்ந்த மிகப் பெரிய திருஷ்டாந்தம் காட்டாமணக்கு. மத்தியத் திட்டக்குழு நியமித்த குழு ஒன்று 2003ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. 2011-12ஆம் ஆண்டுக்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு தாவர எண்ணெயிலிருந்து கலக்கவேண்டும், அதற்கு 1.12 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்குப் பயிரிடவேண்டும். ஹெக்டேர் ஒன்றுக்கு 2,500 செடி, செடி ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3.75 டன் என்று அதில் பெருக்கிக் காட்டப்பட்டிருந்தது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒன்றரைக் கிலோ, நீர்பாய்ச்சிப் பேணப்படும் செடிக்குப் பொருந்தலாமே தவிர, மானாவாரித் தரிசில் தானே வளரும் என்று நம்பப்பட்ட செடிக்குப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டிலும் காட்டாமணக்கு ஆர்வம் பரவியது. மானியமும் ஒப்பந்தமும் வந்தன. பேரே அரிசா மொன்டோப்பியோவும் சரச்சந்திர லேலேயும் தமிழ்நாட்டில் நேரில் ஆராய்ந்து 2010இல் எழுதிய ஆய்வுரை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகவும் தாழ்ந்துபோனதையும், தரிசுக்கென்று பேசப்பட்ட பயிர் நடைமுறையில் உழவர்களின் சாகுபடி நிலத்தில் ஏறி உணவுப் பயிரையும் தீவனத்தையும் இடம்பெயர்த்ததையும் எடுத்துக்காட்டியது. செடியைப் பிடுங்கிப்போட்ட விவசாயிகள் தம் நிலத்தின் சில வருஷங்களை இழந்தார்கள். எழுதியவர்களின் எண் தவறினால் இழப்பு எழுதப்படாதவர்களின் வாசலில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பிழை எதிர்த் திசையிலும் நிகழ்ந்திருக்கிறது. 1975இல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்க அறிஞர் ஏழை நாடுகளில் விறகுப் பஞ்சம் வரப்போகிறது என்று எச்சரித்து எழுதிய சிற்றேடு உலகெங்கும் கவனம் பெற்றது. அதைத் தொடர்ந்து எழுந்த கணக்குகள் பல, மக்களின் விறகுத் தேவையை ஒருபுறமும் காட்டின் வளர்ச்சியை மறுபுறமும் வைத்துக் கழித்து, இத்தனை ஆண்டில் காடே மிஞ்சாது என்று அஞ்சின. அதே காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமூல்ய ரெட்டியும் அவருடைய சகாக்களும், 1974இல் தொடங்கப்பட்ட அஸ்த்ரா அமைப்பின் வழியாக, துமகூர் மாவட்டத்து ஊங்ரா வட்டாரக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று அடுப்பில் எரிவதைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். எரிந்தது பெரும்பாலும் வெட்டிய மரமன்று, பொறுக்கிய சுள்ளி. வாங்கியதன்று, பெண்களும் குழந்தைகளும் நாள்தோறும் மணிக்கணக்கில் நடந்து சேர்த்தது. வேலியோரத்து மரமும் வரப்போரத்து மரமும் வன இலாகாவின் பதிவேட்டில் இல்லை; ஆனால் கிராமத்தின் அடுப்புக்கு அவையே சுரங்கம். நேரில் நிறுத்துப் பார்த்த அந்தப் பணிவு இல்லாமற்போயிருந்தால், இல்லாத பஞ்சத்துக்கு மருந்தாக வேண்டாத தோட்டங்களை எங்கெங்கும் வைத்திருப்போம்.

தேவை பிறந்தவுடன் கழிவு என்பது கழிவாக இருப்பதில்லை என்பதும் இதனோடு சேர்ந்து அறியவேண்டிய நியதி. கரும்புச் சக்கையை ஒரு காலத்தில் ஆலைகள் சுமையாக நினைத்தன. 1979இல் தமிழக அரசு தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் சக்கையிலிருந்து காகிதம் செய்ய முற்பட்டபோது, அந்தச் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்த சர்க்கரை ஆலைகளுக்கு ஈடாக வேறு எரிபொருளும் நீராவியும் கொடுத்தே அதைப் பெறவேண்டியிருந்தது. இன்று அதே சக்கைக்கு மின்சாரமும் போட்டியாளர். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை நம்பித் தாவர மின்நிலையங்கள் எழுந்தன. எவருக்கும் வேண்டாத களை என்று எண்ணப்பட்ட அந்த முள்மரம், முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனோபாயம். நிலையமும் கரிமூட்டமும் ஒரே மரத்துக்குப் போட்டியிட விலை ஏறிற்று. ஏறிய விலைக்கு விறகு வாங்கி, நிர்ணயித்த விலைக்கு மின்சாரம் விற்க முடியாமல் தமிழ்நாட்டுத் தாவர மின்நிலையங்கள் பல முடங்கின. அந்த மரத்தையே அகற்றவேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணைகளும் இடையில் வந்து சேர்ந்தன. இருபது வருஷத்துக்கென்று கட்டிய நிலையத்தின் எரிபொருள், இருபது வருஷமும் நிலைக்கும் என்பதை எந்த மதிப்பீடும் ஆராய்ந்திருக்கவில்லை.

இந்த அனுபவங்களோடு மீண்டும் அந்தமானுக்கு வருவோம். இங்கே காட்டை எண்ணாக மாற்றிப் பார்த்த சரித்திரம் பழமையானது. சாத்தத்தின் மரமறுக்கும் ஆலை 1883ஆம் ஆண்டு முதல் படாக்கையும் குர்ஜனையும் பலகையாக்கி வந்திருக்கிறது. தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் என்று மரத்தின் தேவை வளர்ந்தது. ஆண்டுக்கு இவ்வளவு வெட்டினால் அவ்வளவும் மீண்டும் வளர்ந்துவிடும் என்னும் நம்பிக்கையின்மேல் வேலைத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று 2002 மே 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் மரவெட்டுக்குக் கடுமையான வரம்பு விதித்தபோது, அந்த நம்பிக்கைக்கு நீதியின் சன்னிதானத்தில் பதில் கிடைத்தது. சின்ன அந்தமானின் ஹட் பேயில், வன வளர்ச்சிக் கழகம் காட்டை நீக்கி 1,593 ஹெக்டேரில் வளர்த்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் விஸ்தரிக்கக்கூடாது, படிப்படியாக விலக்கவேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் கருத்து. அந்தக் கழகத்தையே மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை தீர்மானித்தது. ஆயினும் 2021இல் அறிவிக்கப்பட்ட எண்ணெய்ப்பனைத் தேசிய இயக்கம் வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிக்கோபாரையும் விசேஷமாகக் குறிப்பிடுகிறது. சமையலுக்கான எண்ணெயை முன்னிட்டு வகுக்கப்பட்ட திட்டம் அது. எனினும் தோட்டத்துக்கு ‘ஏற்ற நிலம்’ என்று வரைபடத்தில் நிறம் தீட்டும் முறை சமையல் எண்ணெய்க்கும் எரிபொருளுக்கும் ஒன்றேயாதலால், எச்சரிக்கையும் ஒன்றே.

வேறு தீவுகளின் கதையும் நமக்கு வழிகாட்டும். பாப்புவா நியூகினியைச் சேர்ந்த போகைன்வில் தீவில் 1989இல் பங்குனாச் செம்புச் சுரங்கம் மூடப்பட்டுக் கடல்வழி முற்றுகை தொடர்ந்த வருஷங்களில், டீசல் இன்றி வாடிய மக்கள் தேங்காய் எண்ணெயை ஊற்றி வண்டி ஓட்டினார்கள். துன்பத்தில் பிறந்த அந்தச் சாமர்த்தியம் போற்றத்தக்கது. ஆனால் அது சில வண்டிகளுக்குப் போதிய அளவு, நகரம் ஒன்றின் மின்சாரத்துக்குப் போதிய அளவன்று. உலகின் பெருந்தென்னை நாடுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸ், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, டீசலில் தேங்காய் எண்ணெயின் வழிப்பொருளை முதலில் நூற்றுக்கு ஒரு பங்கும், 2009 முதல் இரண்டு பங்கும் கலந்தது. மூன்றாவது பங்குக்கு வர 2024 அக்டோபர் வரை ஆயிற்று. நான்காவது பங்குக்கு ஏறவேண்டிய தருணத்தில் தேங்காய் எண்ணெய் விலை உயர்ந்துவிட, அதை ஒத்திவைத்தார்கள். கோடானுகோடி தென்னைகள் உள்ள நாடே இப்படி அடிமேல் அடிவைத்து நடக்கிறதென்றால், 20,000 ஹெக்டேர் தோப்பு வைத்திருக்கும் நாம் எவ்வளவு நிதானமாக நடக்கவேண்டும்!

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலாவதாக, தீவுகளுக்குத் தாவரப் பொருளின் பேரேடு ஒன்று வேண்டும்; அது தீவுக்கூட்டம் முழுவதற்கும் ஒரே தொகையாக அன்றி, தீவு தீவாக, ஜெட்டி ஜெட்டியாக எழுதப்படவேண்டும். டிக்லிபூரில் குவிந்திருக்கும் பாக்குத் தோலையும் பாம்பூஃப்ளாட்டில் உள்ள மட்டையையும் ஒரே வரியில் கூட்டுவது கணக்கன்று; இடையில் கிடக்கும் தூரமும் படகுக் கட்டணமும் அதை அனுமதியா. பாம்பூஃப்ளாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச், மீட்டாக்காடி வரையில், லாரியில் ஏற்றி அன்றே இறக்கக்கூடிய வட்டத்துக்குள் இருப்பது எவ்வளவு என்பதே இந்த ஊருக்குரிய எண்.

இரண்டாவதாக, எடை எழுதும்போது ஈரத்தையும் எழுதவேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை நீர். அதை எரித்தால் உலர்ந்த மரத்தின் உஷ்ணத்தில் பாதிகூடக் கிட்டாது. மே மாதத்துக் கடைசியில் தொடங்கும் மழை மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த மண்ணில், மார்கழி தை மாதங்களில் கண்ட எடையை வருஷம் முழுவதற்கும் வைத்துப் பெருக்கினால் ஆடி ஆவணியில் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே பேரேட்டுக்குப் பன்னிரண்டு பத்திகள் வேண்டும். உலர்த்திச் சேமிக்கும் கொட்டகைக்கு ஆகும் செலவும் அதில் ஏறவேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இப்போது அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பத்தி இருக்கவேண்டும். மாட்டுக்காரர், கொப்பரை வியாபாரி, பாக்குமட்டையில் தட்டுச் செய்யும் பெண்கள், சுள்ளி பொறுக்கி உலை வைக்கும் தாய்மார் ஆகிய இவர்களைக் கேட்காமல் உபரி என்று எழுதப்படும் எண் எதுவும் செல்லாது என்று விதி செய்யலாம். கிராமப் பஞ்சாயத்துகளும், காராச்சர்மாவில் இயங்கும் தீவுகளுக்கான மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்தால் இந்த வேலை அசாத்தியம் அன்று. தராசும் நோட்டுப் புத்தகமும் கொண்டு கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய நற்பணி இது.

நான்காவதாக, காட்டையும் அலையாத்தியையும் கணக்கின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடவேண்டும். எரிபொருளுக்கென்று வெட்டத் தொடங்கினால் எங்கே நிற்பது என்பதற்கு எல்லை இல்லை. ஆழிப்பேரலையின் நாளில் தென் அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் முதலிய இடங்களில் நெல்வயல்கள் உப்புநீருக்குள் அமிழ்ந்தன. நிலமே குறைந்துகொண்டிருக்கும் ஊரில், நிற்கும் மரத்தை விறகாக எண்ணுவது விவேகம் ஆகாது. ஐந்தாவதாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பேரேட்டைத் திறந்து திருத்திப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். விலை மாறும், தோப்பு மூப்படையும், மக்கள் பெருகுவார்கள்.

இப்படிக் கணக்கிட்டால் கிடைக்கும் எண் சிறியதாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். சிறியதாக இருப்பதில் தோல்வி ஏதும் இல்லை. மரமறுக்கும் ஆலையின் தூளும், சந்தையின் காய்கறிக் கழிவும், தங்கும் விடுதிகளின் எச்சில் உணவும், அருகாமைத் தோப்புகளின் மிஞ்சிய மட்டையும் சில நூறு கிலோவாட் அளவில் ஓர் எரிவாயுக் கலத்தையோ வாயுவாக்கும் உலையையோ நன்றாக நடத்தலாம். சூரியன் மறைந்த பின் வரும் சில மணி நேரத்துக்கு அது அருமருந்தாகும். பெரும் பாரத்தைச் சூரியன் சுமக்கட்டும். காராச்சர்மாவில் 2013 முதல் இயங்கும் 5 மெகாவாட் சூரியமின் நிலையமும், அட்டம்பகாட், டாலிகஞ்ச் ஆகிய இடங்களில் மின்கலத்தோடு 2020இல் வந்த 20 மெகாவாட் நிலையமும், வடக்கே கல்போங் ஆற்றின் 5.25 மெகாவாட் நீர்மின்சாரமும் டீசலுக்கு மாற்று உண்டு என்பதை ஏற்கெனவே நிரூபித்திருக்கின்றன. தாவரப் பொருள் அவற்றுக்குத் துணையாக நிற்கலாம். தலைமை ஏற்கும் வலு அதற்கு இல்லை.

நாட்டின் கொள்கையோ வேகமாக நகர்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தாவர டீசல் கலப்பதற்கு 2030ஐக் குறித்திருக்கிறது. இலக்கு குறிப்பவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இலக்கை முதலில் குறித்து, அதற்கு ஏற்றவாறு விளைச்சலைக் கற்பித்து, கற்பித்த விளைச்சலுக்கு ஏற்றவாறு நிலத்தைத் தேடிய காட்டாமணக்குக் காலத்தின் வழி மறுபடியும் திறக்கப்படலாகாது. தீவில் அந்த வழியில் போய்த் திரும்புவதற்குக் கூடுதல் நிலம் இல்லை. பெருநிலத்தில் ஒரு மாவட்டத்தின் கணக்குப் பிழைத்தால் அடுத்த மாவட்டம் தாங்கும், பாம்பூஃப்ளாட்டின் கணக்குப் பிழைத்தால் தாங்குவதற்கு அக்கம்பக்கம் கடல்தான் இருக்கிறது. ஆதலால் தாவர எரிபொருளுக்கான எந்த நிலையத்துக்கும், எந்தத் தோட்டத்துக்கும் அனுமதி கோருபவர்கள், மேற்சொன்ன பேரேட்டின் நகலை மனுவோடு இணைத்துத் தரவேண்டும் என்றும், அது பஞ்சாயத்தின் சபையில் வாசிக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே ஒப்பந்தம் எழுதப்படவேண்டும் என்றும் அந்தமான் நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பிக்கவேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. அளந்த பின்னரே பேசுவது என்ற உறுதி ஒன்று போதும்.